டியூப்லைட் வெளிச்சத்தில் புது சோபா ஏன் சோபை இழக்கிறது?

கடையில் கண்ணைப் பறித்த சோபா, வீட்டுக்கு வந்து இறங்கியதும் சாயம் போன மாதிரி தெரியும். பெயின்ட் அட்டையில் இளஞ்சந்தனமாக இருந்த நிறம், சுவரில் ஏறியதும் சாம்பல் பூத்து நிற்கும். பழி பெயின்டர் மீது விழும், இல்லையென்றால் தேர்ந்தெடுத்தவரின் ரசனை மீது விழும். அடுத்து குஷன் மாறும், திரைச்சீலை மாறும், ஒரு சுவருக்கு வால்பேப்பர் ஏறும். அறை மட்டும் அப்படியே இருக்கும். முதலில் கழற்றிப் பார்த்திருக்க வேண்டியது பல்பை.

வீட்டு அலங்காரப் பேச்சில் வெளிச்சம் அளவுக்குக் குழப்பிப் பேசப்படும் விஷயம் வேறில்லை. "பவர் ஜாஸ்தியா ஒரு பல்பு போடுங்க", "வார்ம் லைட் போட்டா இருட்டா இருக்கும்", "ஃபால்ஸ் சீலிங் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது" என்ற மூன்று வாக்கியங்களை எந்தக் கடையிலும் கேட்கலாம். மூன்றுமே சரியில்லை. வெளிச்சம் எவ்வளவு, அதன் நிறம் என்ன, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது, எங்கிருந்து விழுகிறது என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. நாம் நான்கையும் 'பவர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம்.

## வாட் என்பது மின்கட்டணக் கணக்கு

பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைச் சொல்வதுதான் வாட். அது வெளிச்சத்தின் அளவே அல்ல. குண்டு பல்பு காலத்தில் எல்லாப் பல்பும் ஒரே வகை என்பதால் வாட்டை வைத்தே வெளிச்சத்தை ஊகித்தோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 60 வாட் குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போனது. அது கொடுத்த வெளிச்சத்தை இன்றைக்கு 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடும்.

பல்பிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளிக்கு லூமன் என்று பெயர். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 800 முதல் 900 லூமன் தரும். 20 வாட் எல்.இ.டி. டியூப் சுமார் 2000 லூமன். ஒரே வாட்டில் இரண்டு பிராண்டுகள் வெவ்வேறு லூமன் தரும் என்பதால், விலையை ஒப்பிடும்போது லூமனைத்தான் பார்க்க வேண்டும்.

லூமன் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு குடம் தண்ணீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றினால் மண் ஊறிவிடும். அதே குடத்தை வாசல் முழுக்கத் தெளித்தால் புழுதி அடங்கும், அவ்வளவுதான். குடத்தில் இருக்கும் நீரைப் போன்றது லூமன். ஓர் இடத்தில் விழுந்த ஈரத்தைப் போன்றது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ்.

## ஹாலுக்கு எத்தனை லூமன்?

உட்கார்ந்து பேசும் ஹாலுக்கு 100 முதல் 150 லக்ஸ் போதும். படுக்கையறைக்கு அதில் பாதி. புத்தகம் படிக்க, பாடம் எழுத 300. காய் நறுக்கும் மேடையில் 300 முதல் 500 வரை இருந்தால் விரல் தப்பும்.

12 அடிக்கு 15 அடி ஹால் ஏறத்தாழ 17 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமென்றால் பெருக்கல் 2550 என்று வரும். ஆனால் விளக்கின் மூடி, சுவர், தூசி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட பாதியை விழுங்கிவிடும். அதனால் இரட்டிப்பாக்கி, சுமார் 5000 லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு 20 வாட் டியூப் மாட்டிய ஹால் ஏன் அழுது வடிகிறது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

அதற்காக இன்னொரு டியூப் மாட்ட ஓடாதீர்கள். தூரம் என்று ஒன்று இருக்கிறது. சிறிய பல்பிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால் அங்கே விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்று. ஒளி நீளத்திலும் அகலத்திலும் ஒரே நேரத்தில் விரிவதுதான் காரணம். நீளமான டியூப்புக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், போக்கு அதேதான். சோபாவில் அமர்ந்து படிப்பவரின் கையிலுள்ள புத்தகத்துக்குக் கூரை விளக்கு 6 அடி தூரம், பக்கத்து ஸ்டாண்ட் விளக்கு ஒன்றரை அடி. அதே பல்பைக் கூரையிலிருந்து ஸ்டாண்டுக்கு மாற்றினாலே புத்தகத்தில் 16 மடங்கு வெளிச்சம் விழும். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கை மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 இஞ்ச் உயரத்தில் மாட்டச் சொல்வதும் இதனால்தான். அதைவிடக் கீழே வந்தால் எதிரில் இருப்பவரின் முகம் மறையும். மேலே போனால் பல்பு நேராகக் கண்ணில் குத்தும்.

இதுவரை பார்த்தது: வாட் என்பது செலவு, லூமன் என்பது வரவு, லக்ஸ் என்பது கைக்கு வந்து சேர்வது. வேண்டிய இடத்துக்கு விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தால் சின்னப் பல்பே போதும்.

## வார்ம் என்றால் மங்கல் அல்ல

இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். எந்தச் சூட்டில் எந்த நிறம் வரும் என்பது மாறாத கணக்கு. அதனால் ஒளியின் நிறத்தைச் சூட்டின் அளவான கெல்வினால் குறிக்கிறார்கள். அகல் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், குண்டு பல்பு 2700, உச்சி வெயில் 5500 அளவில், மேகம் மூடிய வானம் 6500. எல்.இ.டி. உண்மையில் அந்த அளவு சூடாவதில்லை. அந்தச் சூட்டில் வரும் நிறத்தைப் போல எரிகிறது, அவ்வளவே. கெல்வின் ஏற ஏற ஒளி நீலம் பக்கம் சாயும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெட்டியில் வார்ம் ஒயிட் என்றிருந்தால் 2700 அல்லது 3000, நேச்சுரல் ஒயிட் என்றால் 4000, கூல் டேலைட் என்றால் 6500.

ஒரே பிராண்டில் ஒரே வாட்டில் வார்மும் கூலும் வாங்கிப் பெட்டியைப் பாருங்கள். லூமன் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். அப்படியானால் வார்ம் ஏன் இருட்டு என்று பெயர் வாங்கியது? நீலம் கலந்த ஒளி கண்ணுக்குச் சற்றுக் கூடுதல் பிரகாசமாகப் படும் என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் பெரியது: 20 வாட் டியூப்பைக் கழற்றிவிட்டு 9 வாட் வார்ம் பல்பை மாட்டி, "பார்த்தீங்களா, மங்கலா இருக்கு" என்பார்கள். மங்கியதற்குக் காரணம் பாதிக்கும் மேல் குறைந்த லூமன். நிறத்துக்கு அதில் பங்கு சொற்பம்.

குறைந்த வெளிச்சத்தில் நீல வெள்ளை சோகையாகத் தெரியும், மஞ்சள் இதமாகத் தெரியும் என்று 1941இல் டச்சு இயற்பியலாளர் க்ருய்ட்ஹோஃப் ஒரு வரைபடம் போட்டார். பின்னால் வந்த சோதனைகள் அதை முழுதாக ஏற்கவில்லை. இருந்தாலும் இரவு ஒன்பது மணிக்கு ஒற்றை 6500 கெல்வின் டியூப் எரியும் ஹாலைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். வெயில் கொளுத்தும் ஊரில் நீல வெள்ளை குளுமையாகத் தோன்றுவதால்தான் நம் வீடுகளில் அது நிலைத்துவிட்டது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரே அறையில் 3000உம் 6500உம் சேர்ந்து எரியக் கூடாது. ஒரே சுவரில் பாதி மஞ்சள் காமாலை, பாதி நீலம் பூத்ததாகத் தெரியும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும் ஏற்பாடு.

## அரக்குப் பட்டு ஏன் காப்பிப்பொடி நிறமாகிறது?

சோபாவின் கதை இங்கேதான் வருகிறது. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல ஒளி தரும் ஒரு சிறு சில்லு. அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கித் தந்த நீல எல்.இ.டி. அதுதான். அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிவிடும். ஆனால் அந்த வெள்ளைக்குள் சிவப்பின் பங்கு குறைவு. ஒளியில் இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பித் தரும்? அரக்கு நிறப் பட்டு பழுப்பாகிறது, தேக்கு சாம்பலடிக்கிறது, முகம் காய்ச்சலில் கிடந்தவர் முகம் போலாகிறது.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண்தான் சி.ஆர்.ஐ. குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80. ஹாலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி முன்னும் 90க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களில் எடுத்த சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதை ஆர்-9 என்று தனியாகச் சொல்வார்கள். நல்ல பிராண்டுகள் அதையும் அச்சிடுகின்றன, 50க்கு மேல் இருந்தால் தாராளம். எதுவும் அச்சிடவில்லையா? பகலில் ஜன்னலோரம் உங்கள் உள்ளங்கையையும் ஒரு பழுத்த தக்காளியையும் பாருங்கள். இரவில் அதே இரண்டையும் அந்தப் பல்பின் கீழ் பாருங்கள். தக்காளி செங்கல் நிறத்துக்குப் போனால் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கெல்வினுக்கும் சி.ஆர்.ஐ.க்கும் தொடர்பில்லை. வார்ம் ஒயிட்டிலும் மட்டமான சி.ஆர்.ஐ. உண்டு, கூலிலும் உயர்ந்தது உண்டு.

## சுவர் விழுங்கும் வெளிச்சம்

பெயின்ட் நிறுவனங்கள் தங்கள் நிற விவரங்களில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தரும். தன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கை அந்த நிறம் திருப்பித் தருகிறது என்பதே அது. தூய வெள்ளைக்கு 80க்கு மேல். அடர் மயில்நீலத்துக்குப் பத்தைச் சுற்றி. சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவரை மட்டும் அடர் நிறமாக்கும் பாணி இப்போது பரவலாக இருக்கிறது. அழகுதான். ஆனால் அந்தச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் அதற்கென்று தனி விளக்கு வைக்காவிட்டால் இரவில் அங்கே ஒரு பெரிய இருட்டு ஓட்டை நிற்கும். கூரையை மட்டும் எந்தச் சோதனைக்கும் ஆட்படுத்தாமல் வெள்ளையாக விடுங்கள்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்வது வீண். வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் வெவ்வேறு சுவர்களில் ஒட்டிப் பார்க்க வேண்டும். இரவில் பார்க்கும்போது கடைசியில் மாட்டப்போகும் பல்பே எரிய வேண்டும். எனவே விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பெயின்ட் கடைக்குப் போவதுதான் சரியான வரிசை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

சுருக்கம்: கெல்வின் ஒளியின் நிறம், சி.ஆர்.ஐ. அதன் நேர்மை, எல்.ஆர்.வி. சுவரின் தாராளம். மூன்றையும் பல்புப் பெட்டியிலும் பெயின்ட் விவரத்திலும் படித்துவிடலாம்.

## எங்கிருந்து விழுகிறது என்பதில்தான் அழகு

அமெரிக்க விளக்கமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1950களின் தொடக்கத்தில் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவி நிழலை மெலிதாக்கும் ஒளி, ஒரு பொருளைத் தேர்ந்து காட்டும் ஒளி, மினுங்கி மகிழ்விக்கும் ஒளி. நியூயார்க்கின் சீக்ரம் கட்டடத்துக்கு வெளிச்சம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர். வீட்டு அளவில் இந்தப் பிரிவினையைச் சற்று மாற்றி, பொது விளக்கு, வேலை விளக்கு, அழகு விளக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும் என்பது இதில் முக்கியம். ஒரே சுவிட்சில் எல்லாம் எரிந்தால் மூன்றாகப் பிரித்ததில் பயனில்லை.

நடைமுறையில் நடப்பது என்ன? ஃபால்ஸ் சீலிங்கில் நான்கடிக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாக டவுன்லைட் குத்திவிடுவார்கள். வரைபடத்தில் பார்க்க ஒழுங்காக இருக்கும். எரியவிட்டால் தரை பளிச்சென்றும் சுவர் மேல்பாதி மங்கியும், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கீழே நிழலுமாக இருக்கும். வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட வீடென்றால் அத்தனை விளக்கும் தரையிலும் ஒருமுறை எரியும். நாம் ஓர் அறைக்குள் நுழைந்ததும் பார்ப்பது சுவரைத்தான், தரையை அல்ல. சுவரில் ஒளி விழுந்தால் அறை அகலமாகத் தெரியும்.

ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தங்க ரேக்கு தட்டையாக ஒட்டப்பட்டதல்ல. சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக்கிய புடைப்பின் மேல் அது இருக்கிறது. எதிரிலிருந்து டியூப் வெளிச்சம் விழுந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகி, கண்ணாடியில் டியூப்பே ஒரு கோடாகத் தெரியும். நேர் மேலிருந்து விழுந்தால் சட்டத்தின் நிழல் சுவாமி முகத்தில் இறங்கும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து விட்டால் புடைப்புகள் எழுந்து நிற்கும். கண்ணாடிப் பிரதிபலிப்பு கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும். கணக்கு எளிது. கூரை உயரத்திலிருந்து ஓவியத்தின் நடுப்புள்ளி உயரத்தைக் கழித்து 0.58ஆல் பெருக்குங்கள். கூரை 9 அடி, நடுப்புள்ளி 5 அடி என்றால் 4 × 0.58 = 2.3 அடி. சுவரிலிருந்து அத்தனை தள்ளி விளக்கு வர வேண்டும். விளக்கிலிருந்து ஒளி விரியும் கோணத்துக்குப் பீம் ஆங்கிள் என்று பெயர். இந்தத் தூரத்தில் 24 டிகிரி பீம் சுமார் 2 அடி வட்டத்தை நிரப்பும், இரண்டடி ஓவியத்துக்குக் கச்சிதம். 60 டிகிரி போட்டால் ஓவியமும் பக்கத்துச் சுவிட்ச் போர்டும் ஒரே மரியாதை பெறும். பல்பு 2700 அல்லது 3000 கெல்வினாக இருக்கட்டும், தங்கம் நீல வெள்ளையில் பித்தளையாகிவிடும்.

அதே விளக்கைச் சுவரை ஒட்டி அரையடியில் வைத்தால் வேறு கதை. ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கும், பட்டி பார்த்ததில் இருந்த ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழலோடு தெரியும். கல் பதித்த சுவருக்கும் செங்கல் சுவருக்கும் இது அருமை. சாதாரணப் பூச்சுச் சுவருக்கு இரண்டரை மூன்றடி தள்ளியே வையுங்கள்.

சமையலறையில் கூரை விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நறுக்கும் இடத்தில் உங்கள் நிழலே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு பட்டை விளக்கு வைத்தால் தீர்ந்தது. அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி வைக்க வேண்டும், சுவரோரம் வைத்தால் டைல்ஸ்தான் பளபளக்கும். மேடை கறுப்பு கிரானைட்டாக இருந்தால் பால் நிற மூடி கட்டாயம், இல்லையென்றால் ஒவ்வொரு எல்.இ.டி. புள்ளியும் கல்லில் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைப்பதைவிட, முக உயரத்தில் இரண்டு பக்கமும் வைப்பது நல்லது.

## கோவ் லைட் சொதப்பும் இடங்கள்

ஃபால்ஸ் சீலிங்கின் விளிம்பில் ஒளிந்திருந்து கூரையை நோக்கி ஒளி வீசும் பட்டைதான் கோவ் லைட். சரியாக அமைந்தால் இதமான பொது வெளிச்சம். பல வீடுகளில் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே இரண்டு மூன்று இஞ்ச்தான் விடுகிறார்கள். ஒளி பரவ இடமில்லாமல் கூரையோரம் ஒரு பட்டை மட்டும் எரியும். ஆறு இஞ்சாவது விட வேண்டும்.

பட்டையை ஜிப்சத்தின் மேல் நேராக ஒட்டுவது அடுத்த தவறு. சூடு வெளியேற வழியில்லாமல் பசை இளகி, சில மாதங்களில் தொங்கத் தொடங்கும். அலுமினியச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும். மீட்டருக்கு 120 எல்.இ.டி. இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. 12 வோல்ட் பட்டையை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து இழுத்தால் மறுமுனை மங்கும். 24 வோல்ட் வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

வீட்டு மின்சாரத்தை அந்தப் பட்டைக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். மீட்டருக்கு 10 வாட் வீதம் 8 மீட்டர் பட்டை என்றால் 80 வாட். டிரைவரை அதே அளவில் வாங்காமல் 20 சதவீதம் கூட்டி, 100 வாட்டில் வாங்குங்கள். முதலில் பழுதாவது பட்டை அல்ல, டிரைவர்தான். ஆகவே அதைக் கை எட்டும் இடத்தில், லாஃப்டிலோ டிவி யூனிட் மேலோ வைக்கச் சொல்லுங்கள். கூரைக்குள்தான் இருக்கும் என்றால் கதவு வைத்த ஒரு திறப்பாவது வேண்டும். அது இல்லாத வீட்டில் டிரைவர் போனால் ஜிப்சத்தை அறுக்க நேரிடும், அப்புறம் பட்டி, அப்புறம் பெயின்ட்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க ஆசையிருந்தால் டிம்மபிள் என்று அச்சிட்ட பல்பும் எல்.இ.டி.க்கான டிம்மரும் வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் இணைத்தால் பல்பு துடித்துச் சாகும். புதுப் பல்பு துடிக்கிறதா என்று பார்க்க, போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் படமெடுங்கள். கறுப்புக் கோடுகளோ விட்டுவிட்டு எரிவதோ தெரிந்தால் அந்தப் பல்பின் கீழ் உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

## வாடகை வீட்டில்

ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய வீட்டிலும் இதில் முக்கால்வாசி செய்யலாம். இருக்கிற டியூப்பை 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 உள்ளதாக மாற்றுங்கள், கழற்றிய பழையதைப் பத்திரமாக வைத்துக் காலி செய்யும்போது மாட்டிவிடலாம். சோபாவின் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட் விளக்கு, மூடியின் கீழ்விளிம்பு உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து 40 இஞ்ச் அளவில் வரட்டும். எதிர் மூலையில் செடித்தொட்டிக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு விளக்கு, கூரையைப் பார்த்து எரியட்டும். இரண்டிலும் 3000 கெல்வின் பல்பு போட்டு, இரவு ஏழு மணிக்கு மேல் டியூப்பை அணைத்துவிடலாம். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டு விளக்குகளை மட்டும் தவிருங்கள். உள்ளே சூடு அடைபட்டு எல்.இ.டி. சீக்கிரம் போய்விடும். ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் 5 வாட்டுக்கு மேல் அதில் போடாதீர்கள்.